ஸ்ட்ரீட்கம்ப்ளீட் ஆப்: காங்கேயம் பக்கத்து இட்டேரிகளில் இரண்டு வருஷம்

சென்னிமலையிலிருந்து காங்கேயம் வரும் ரோட்டில், பெயர்ப்பலகை இல்லாத ஒரு பஸ் ஸ்டாப். பெரிய வேப்பமரம், அதன் அடியில் இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு பலகைக்கல்லைப் படுக்க வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் ஸ்டாப். போன வைகாசியில் அங்கே நின்று போனைத் திறந்தேன். ஸ்ட்ரீட்கம்ப்ளீட் இரண்டு கேள்வி கேட்டது. இங்கே நிழற்குடை இருக்கிறதா? உட்கார பெஞ்ச் இருக்கிறதா? நிழற்குடை இல்லை, ஆனால் நல்ல நிழல் இருக்கிறது. பெஞ்ச் என்று யாரும் செய்து போடவில்லை, ஆனால் அந்தக் கல்லில் மூன்று பேர் உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். முதல் கேள்விக்கு இல்லை, இரண்டாவதுக்கு ஆமாம் என்று அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் அது உலக வரைபடத்தில் ஏறிவிட்டது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்பது 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் ஆரம்பித்த, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய வரைபடம். அதில் விட்டுப்போன விவரங்களை, நாம் நிற்கிற இடத்தை வைத்துக் கேள்வியாகக் கேட்டு வாங்கி ஏற்றுகிற ஆண்ட்ராய்டு ஆப்தான் ஸ்ட்ரீட்கம்ப்ளீட். டோபியாஸ் ஸ்விக் என்கிற ஜெர்மன்காரர் உருவாக்கியது, 2017 முதல் புழக்கத்தில் இருக்கிறது. காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. ஒரு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் கணக்கு மட்டும் இருந்தால் போதும். சிக்னல் இல்லாத இடத்திலும் பதில் சொல்லிவிட்டு, டவுனுக்கு வந்த பிறகு ஏற்றலாம். எங்கள் பக்கத்துக்கு இது ரொம்ப முக்கியம்.

ஆப்பாக மட்டும் பார்த்தால் இத்தோடு முடித்து ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிடலாம். ஆனால் நீங்கள் அழுத்துகிற பதில் எந்தச் சொல்லாக மாறிப் போய் உட்காருகிறது, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, நம் ஊர்ச் சமாச்சாரத்துக்கு அது பொருந்துகிறதா என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இதைப் பயன்படுத்தினால் பாதிப் பலன்தான் கிடைக்கும்.

அந்த வரைபடத்தில் இருப்பதெல்லாம் புள்ளி, கோடு, இவற்றைச் சேர்த்துக் கட்டிய தொகுதி, இந்த மூன்றுதான். அவற்றின் மேல் சீட்டு ஒட்டுகிற மாதிரி டேக் ஒட்டுவார்கள்: இந்தப் பக்கம் ஒரு சொல், நடுவில் சமக்குறி, அந்தப் பக்கம் ஒரு சொல். நான் சொன்ன பதில் 'ஷெல்டர்=நோ', 'பெஞ்ச்=யெஸ்' என்று போயிருக்கிறது. இந்தச் சொற்களுக்கு முன்கூட்டியே தீர்மானித்த பட்டியல் எதுவும் இல்லை. 255 எழுத்துக்குள் அடங்கினால் நீங்கள் என்ன எழுதினாலும் சர்வர் வாங்கிக்கொள்ளும். பலர் ஒரே மாதிரி எழுத எழுத அதுவே வழக்காகிறது, வழக்கு, டேக்குகளின் விளக்கம் எழுதி வைக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் விக்கியில் ஒரு பக்கமாகிறது, வேண்டுமென்றால் யாராவது அதை முன்மொழிவாக எழுதி இரண்டு வாரமாவது விவாதத்துக்கு விட்டு, அப்புறம் இரண்டு வாரம் ஓட்டுக்கு விடுகிறார்கள். குறைந்தது 8 ஆதரவு ஓட்டு, 75 சதவீதம், இவ்வளவு இருந்தால் ஏற்கப்பட்டது என்று கணக்கு. அப்படி ஏற்கப்பட்டதும் யாரையும் கட்டாயப்படுத்தாது. பழைய டேக்கை ஒரே நாளில் மொத்தமாக மாற்றிவிடவும் முடியாது, இயந்திரத்தனமாக மாற்றுவதற்கு முன்னால் சமூகத்தில் பேசியாக வேண்டும் என்பது விதி.

இதற்கு நல்ல உதாரணம் அந்த வேப்பமரத்தடி ஸ்டாப்பேதான். ஆரம்பத்தில் பஸ் ஸ்டாப்புக்கு 'ஹைவே=பஸ்_ஸ்டாப்' என்று மட்டும் போட்டார்கள். ரயில், டிராம், பஸ் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு முறை வேண்டும் என்று 2011இல் 'பப்ளிக்_டிரான்ஸ்போர்ட்=பிளாட்ஃபார்ம்' என்ற முறைக்கு ஓட்டுப் போட்டு ஏற்றார்கள். பழையது போய்விட்டதா என்றால் இல்லை. வரைபடத்தில் படம் தெரிவதற்கும், ஆப்கள் தேடுவதற்கும் பழையதே தேவைப்பட்டதால் இரண்டையும் சேர்த்துப் போடுகிற பழக்கம் வந்து, இன்றைக்கு இணையத்தில் திருத்தும் ஐடி எடிட்டரில் பஸ் ஸ்டாப் என்று தேர்ந்தெடுத்தால் இரண்டும் தானாகவே சேர்ந்து விழுகிறது. மண் தரையில் ஒரு மரமும் ஒரு கல்லும் மட்டும் இருக்கிற எங்கள் ஸ்டாப்புக்கு 'பிளாட்ஃபார்ம்' என்று பேர். முதலில் எனக்கு ஒப்பவில்லை. பயணி நின்று காத்திருக்கும் இடம் என்பதுதான் அந்தச் சொல்லுக்கு அங்கே பொருள், மேடை கட்டியிருக்க வேண்டியதில்லை என்று விக்கியைப் படித்த பிறகு மனசு சமாதானமானது. டேக்கில் இருக்கும் ஆங்கிலச் சொல்லை அகராதிப் பொருளில் படிக்கக் கூடாது, அதை ஒரு குறியாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

சரி, இட்டேரிக்கு வருகிறேன். எனக்கு இந்த ஆப்பின் மேல் பிரியம் வந்ததும் அங்கேதான், குறை தெரிந்ததும் அங்கேதான்.

கொங்கில் பிறந்தவர்களுக்கு இட்டேரியை விளக்க வேண்டாம். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அகலம், காட்டு மட்டத்தைவிடக் கொஞ்சம் தாழ்ந்த மண்தடம். எங்கள் ஊருக்கு வடக்கே அப்படி ஒன்று. அதை யாரோ செயற்கைக்கோள் படத்தை மட்டும் பார்த்து 'ஹைவே=ரெசிடென்ஷியல்' என்று வரைந்து வைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் வீடு இருக்கும் தெரு என்று அதற்குப் பொருள். தேங்காய் லோடு ஏற்ற வந்த ஒரு லாரி போனில் வழி பார்த்துக்கொண்டு உள்ளே நுழைந்து, திருப்ப இடமில்லாமல், கிளுவை முள் கண்ணாடியில் கீறக் கீற ரிவர்சிலேயே வெளியே வந்தது. டிரைவர் அன்றைக்குப் பட்ட பாட்டை நேரில் பார்த்தவன் நான். வரைந்தவர் மேல் எனக்குக் கோபமில்லை, மேலே இருந்து பார்த்தால் தெரு மாதிரிதான் தெரியும். நின்று பார்த்தவன் மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த நாள் போனோடு போய் நின்றேன். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் சாளையிலிருந்து எழுந்து வந்தார்.

"ஏனுங் தம்பி, சர்வேக்கு வந்திருக்கீங்களா? பட்டாவுல ஏதாச்சும் பிரச்சனைங்களா?"

"இல்லீங்கய்யா, மேப்புல இந்தத் தடத்தைச் சரியாப் போடலாம்னு வந்தேனுங்க."

"தடமா? இது இட்டேரிங்க. வண்டி போவும், டிராக்டரும் போவும். ஐப்பசியில மழை புடிச்சா எதுவும் போவாது, தண்ணிதான் போவும்."

அவர் சொன்ன மூன்று வரியில் வரைபடத்துக்கு வேண்டிய எல்லாமே இருந்தது. இதை ஆப் எப்படி வாங்கிக்கொண்டது? தரை எப்படி என்று படங்களோடு கேட்டது: தார், கான்கிரீட், பேவர் பிளாக், கெட்டிப்படுத்திய கப்பி, ஜல்லி, மண், இப்படி. மண் என்றேன். அங்கே ஒரு தகராறு நெடுநாளாக ஓடுகிறது. மண் தரைக்கு 'கிரவுண்ட்', 'டர்ட்', 'எர்த்' என்று மூன்று சொல்லும் புழக்கத்தில் இருக்கின்றன, மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். படத்தைக் காட்டிக் கேட்பதால் ஆப் நம்மை அந்தத் தகராறிலிருந்து காப்பாற்றிவிடுகிறது, அது பெரிய உபகாரம். ஆனால் 'ரெசிடென்ஷியல்' என்று இருப்பதை 'டிராக்', அதாவது காட்டுக்குப் போகும் வண்டித்தடம், ஆக மாற்ற நினைத்தேன், கேள்விப் பட்டியலில் அதற்கு இடமில்லை. போட்டோ எடுத்து ஒரு குறிப்பு விட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் ஐடி எடிட்டரைத் திறந்து நானே மாற்றினேன்: 'ஹைவே=டிராக்', தரையின் கெட்டித்தன்மைக்கு 1 முதல் 5 வரை உள்ள தரவரிசையில் நான்காவது, இரண்டு பக்கமும் தனிக் கோடாக 'பேரியர்=ஹெட்ஜ்', மழைக்காலச் சமாச்சாரத்துக்கு விளக்கத்தில் தமிழில் ஒரு வரி. அதற்குப் பிறகு அந்தத் தடத்தில் போய் நின்றால், எவ்வளவு கெட்டியான தரை என்று ஆப் இனிமேல் கேட்பதில்லை, ஏற்கெனவே தெரியும் அதற்கு.

இட்டேரிக்குப் போய் ஹைவேயா என்று சிரிப்பவர்கள் உண்டு. இங்கிலாந்துச் சட்டப் பேச்சில் பொதுமக்கள் போக உரிமையுள்ள எந்த வழியும் ஹைவேதான், ஒற்றையடிப் பாதை உட்பட. அந்த ஊரில் ஆரம்பித்த திட்டம் என்பதால் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. 'அன்கிளாசிஃபைட்' என்பதும் அங்கத்து ரோட்டு வகைப்பாட்டில் கடைசிப் படியைக் குறிக்கும் சொல். நம்மவர்கள் பலர் அதை 'வகை தெரியாத ரோடு' என்று நினைத்துக்கொண்டு தப்பாகப் போடுகிறார்கள், வகை தெரியாவிட்டால் 'ஹைவே=ரோடு' என்று தனியாக ஒன்று இருக்கிறது. வண்டி நுழையாத ஒற்றையடித் தடத்துக்கு பொதுவான 'பாத்' போடுவதா, நடப்பவர்களுக்கான 'ஃபுட்வே' போடுவதா என்பது 2008இல் 'பாத்' வந்ததிலிருந்து தீராத சண்டை. நான் 'பாத்' போடுகிறேன், அதில் ஆடும் போகிறது, சைக்கிளும் போகிறது.

தேசிய நெடுஞ்சாலைகள் பற்றி ஒரு வரி. 2010இல் எண்களை மாற்றினார்கள், அவிநாசி வழியாகக் கோவை போகிற பழைய 47 இன்று 544. பழைய எண்ணுக்கும் தனி டேக் இருக்கிறது, போட்டு வையுங்கள், பெரியவர்கள் இன்னும் அந்த எண்ணைத்தான் சொல்கிறார்கள்.

அடுத்தது பேக்கரி. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி எங்கே வேண்டுமானாலும் போங்கள், "பேக்கரிக்குப் போலாமுங்களா" என்றால் டீக்குடிக்கப் போகலாமா என்று அர்த்தம். கண்ணாடிப் பெட்டியில் முட்டை பப்ஸும் தேங்காய் பன்னும் தேன் கேக்கும் இருக்கும், ஆனால் கடையின் உயிர் வாசலில் இருக்கும் டீ பாய்லரில்தான். காலை ஐந்து மணிக்குத் திறப்பதும் அதற்காகத்தான். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் 'ஷாப்=பேக்கரி' என்றால் ரொட்டி சுட்டு விற்கிற கடை. பெயர்ப்பலகையில் பேக்கரி என்று இருப்பதைப் பார்த்து எல்லாரும் அதையே போட்டுவிட்டார்கள், விளைவு என்னவென்றால், பக்கத்தில் டீ எங்கே கிடைக்கும் என்று வெளியூர்க்காரர் தேடினால் பெருந்துறை ரோட்டில் நாலு எட்டுக்கு ஒரு பேக்கரி இருந்தும் எதுவுமே வராது. ஒரே புள்ளியில் 'அமெனிட்டி=கஃபே', 'ஷாப்=பேக்கரி' இரண்டையும் நான் சேர்த்துப் போடுகிறேன். ஒரு பொருளுக்கு ஒரு முதன்மை டேக் போதும் என்பவர்கள் இதை விரும்புவதில்லை, அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் 'பேக்கரி;கஃபே' என்று அரைப்புள்ளி வைத்து ஒரே இடத்தில் எழுதினால் பெரும்பாலான ஆப்களுக்குப் புரியாது, அதைவிட இது மேல். பேக்கரிகளின் திறக்கும் நேரத்தை ஆப்பே கேட்கிறது, அந்தக் கேள்வியை நான் ஒருநாளும் தட்டிக் கழித்ததில்லை. விடியற்காலை பஸ்ஸுக்கு நிற்பவருக்கு எந்தக் கடை திறந்திருக்கும் என்று தெரிவது சின்ன விஷயமா?

நேரம் என்றதும் சந்தை ஞாபகம் வருகிறது. ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தை வியாழக்கிழமை கூடும். மற்ற நாள் போனால் காலி மைதானம். 'அமெனிட்டி=மார்க்கெட்பிளேஸ்' என்று போட்டுவிட்டு நேரத்தைப் போடாமல் விட்டால் அது பாதிப் பொய். வாரச்சந்தை கூடும் ஊர்க்காரர்கள் எல்லாரும் இந்த ஒரு டேக்கையாவது போய்ப் பாருங்கள்.

தண்ணீர் விஷயத்தில் டேக்குகள் மாறுகிற வேகம் கொஞ்சம் தலைவலிதான். முன்பெல்லாம் ஏரிக்கு 'லேண்ட்யூஸ்=ரிசர்வாயர்'. அதுவும் 2011இல்தான், 'நேச்சுரல்=வாட்டர்' போட்டு உள்ளே 'வாட்டர்=ரிசர்வாயர்' என்று வகை சொல்லும் முறை ஏற்கப்பட்டது. இன்னும் பழையதும் புதியதும் கலந்து கிடக்கின்றன. எங்கள் பக்கத்துக் குளம் ஒன்றைச் சித்திரையில் எடுத்த படத்தைப் பார்த்து யாரோ 'நேச்சுரல்=ஸ்க்ரப்', அதாவது புதர்க்காடு, என்று மாற்றியிருந்தார். அந்தத் திருத்தத்தின் கீழே, ஐயா, இது வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் குளம், மார்கழியில் வந்து பாருங்கள் என்று மரியாதையாக எழுதினேன். இரண்டே நாளில் பழையபடி மாற்றி, 'இன்டர்மிட்டன்ட்=யெஸ்' என்று, தண்ணீர் விட்டுவிட்டு இருக்கும் என்பதையும் சேர்த்தார். முகம் தெரியாத ஒரு ஆள் நம் ஊர்க் குளத்துக்காக இவ்வளவு அக்கறை எடுத்தது எனக்குப் பெரிய சந்தோஷம். காளிங்கராயன் வாய்க்கால், கீழ்பவானி வாய்க்கால் இரண்டும் 'வாட்டர்வே=கேனால்' என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, ஆனால் அதிலிருந்து பிரிந்து வயலுக்குப் போகும் கொப்பு வாய்க்காலுக்கு, சின்ன வடிகாலுக்குப் போடும் 'டிட்ச்' போடுவோரும் உண்டு, 'கேனால்' போடுவோரும் உண்டு. வடிகாலுக்கும் பாசனத்துக்கும் ஒரே சொல்லைப் போட்டால் தண்ணீர் வருகிறதா போகிறதா என்பதே தெரியாமல் போகும், அதனால் நான் 'கேனால்' போட்டு அகலத்தை மீட்டரில் எழுதுகிறேன்.

பெயர்களிலும் இதே கதைதான். தமிழ்ப் பெயருக்கு தனி டேக், ஆங்கிலத்துக்கு தனி டேக் இருக்கிறது. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை போட்டு, சில நாளிலேயே திரும்பப் பெற்றதே, அப்போது பட்ட அனுபவத்தில் சொல்கிறேன், ஆங்கிலக் கூட்டலில் அவசரப்படாதீர்கள். தமிழ் டேக்கை நிரப்புங்கள். வலசு, புதூர், பாளையம் என்று எத்தனையோ ஊர்கள் அந்த டேக் காலியாகவே கிடக்கின்றன.

இனி கொரங்காடு. இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். காங்கேயம் மாடு மேய்கிற, கிளுவை வேலி கட்டிய, வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும் உள்ள தனியார் மேய்ச்சல் நிலம். மேலே இருந்து பார்த்தால் அங்கங்கே மரம் நிற்கும் வறண்ட காடு. பலரும் 'நேச்சுரல்=ஸ்க்ரப்' என்று போட்டிருக்கிறார்கள். அப்படிப் போட்டால் அது யாரும் பராமரிக்காத தரிசு என்றாகிறது. தலைமுறை தலைமுறையாக வேலி கட்டி, பட்டிக் கணக்குப் பார்த்து, புல் விதை விழ விட்டு, மாடு மாற்றி மேய்த்து வைத்திருக்கும் நிலத்தைத் தரிசு என்று உலக வரைபடம் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. இப்போதைக்கு 'லேண்ட்யூஸ்=மெடோ', அதன் கீழ் 'மெடோ=பாஸ்சர்', அதாவது மேய்ச்சல் புல்வெளி, என்று போடுகிறேன். அது பொருத்தம்தான், ஆனால் ஐரோப்பாவின் பச்சைப் புல்வெளியும் வெள்ளகோவில் கொரங்காடும் ஒன்றல்ல. மரமும் வேலியும் சேர்ந்த ஒரு முறை இது. ஸ்ட்ரீட்கம்ப்ளீட் இதைப் பற்றி எதுவும் கேட்காது, கேட்கவும் முடியாது, ஏனென்றால் ஏற்கெனவே பலர் ஒத்துக்கொண்ட டேக்குகளுக்கு மட்டும்தான் அது கேள்வி எழுதும். ஆப்பின் குறை என்று இதைச் சொல்ல மாட்டேன், அதன் வேலையே அதுதான். ஆனால் இந்த ஆப் மட்டும் போதும் என்று உட்கார்ந்துவிட்டால் கொரங்காடு ஒருநாளும் கேள்வியாக வராது.

எந்த டேக் எத்தனை முறை பயன்பட்டிருக்கிறது என்று எண்ணிக் காட்டும் டேக்இன்ஃபோ என்ற தளம் 2010 முதல் இருக்கிறது. விவாதத்தில் முதலில் எல்லாரும் திறப்பது அதைத்தான். பத்துப் பேர் வாதாடுவதைவிட ஆயிரம் இடத்தில் பொறுமையாகப் போட்ட டேக்குக்கு அங்கே மதிப்பு அதிகம்.

சில்லறை விஷயங்கள். ஜி.பி.எஸ். ஓடுவதால் பேட்டரி சீக்கிரம் இறங்கும், அரை நாள் சுற்றுவதென்றால் பவர் பேங்க் கட்டாயம். தூரத்தில் இருந்துகொண்டு பதில் சொன்னால், நேரில் பார்த்தீர்களா என்று ஆப் கேட்கும், அந்தக் கேள்வியை மதியுங்கள். தப்பாக அழுத்திவிட்டால் உடனே திரும்ப எடுக்கலாம். எனக்கு வேண்டாத கேள்விகளை அமைப்பில் அணைத்து வைத்திருக்கிறேன், கட்டடக் கூரை வடிவம் எல்லாம் எனக்கு இப்போதைக்குத் தேவையில்லை. என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை. அந்த அரையை, கேள்வியில் அடங்காததைப் பார்த்தால் எங்கே போய் எழுதலாம் என்று புதியவருக்கு இன்னும் தெளிவாக வழி காட்டினால் கொடுத்துவிடுவேன்.

வெள்ளகோவில், முத்தூர், மூலனூர், தாராபுரம் பக்கம் மேப் போடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் ஊர்க் கொரங்காட்டுக்கு இதுவரை என்ன டேக் போட்டிருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். வேலி, மரம், புல் மூன்றும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோவும் இருந்தால் நல்லது. தை பிறந்ததும் விக்கியில் ஒரு பக்கம் எழுத உட்காருகிறேன், அதற்குள் ஒரு முப்பது நாற்பது இடமாவது நேரில் பார்த்துப் போட்டிருக்க வேண்டும்.